குளிரில் கூடாரமா? 'நான் வரலை' என்பவரும் நிம்மதியாகத் தூங்க...

செங்கோட்டை அருகே மலையடிவாரத்தில் உள்ள புளியறை கிராமத்தில் ஆடிச் சாரலிலும் மார்கழிப் பனியிலும் இரவு நன்றாகவே குளிரும். குடும்பத்தோடு கூடாரத்தில் தங்குவோருக்குச் சில குறிப்புகள்:

* காப்புக்காட்டில் அனுமதியின்றித் தங்கக் கூடாது. யானை நடமாட்டமும் உண்டு. கழிப்பறை உள்ள தனியார் தோப்பைத் தேர்ந்தெடுத்தால் தயங்குபவரும் சம்மதிப்பார்.

* வயலோரப் பள்ளம் வேண்டாம். குளிர்காற்று தாழ்வான இடத்தில்தான் தேங்கும். தென்னை மரத்தடியும் ஆகாது, மட்டை விழும்.

* உடம்புச் சூட்டைத் தரை இழுத்துக்கொள்ளும். தார்ப்பாய், கோரைப்பாய், ஜமுக்காளம் என அடுக்கிவிட்டுப் படுங்கள். மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம்.

* அருவியில் குளித்த ஈரத்தோடு படுக்காதீர்கள். இரவுக்கான உலர்ந்த துணி, காலுறை, குல்லாவைத் தனிப் பையில் கட்டி வையுங்கள்.

* கூடாரத்தை முழுக்க மூடினால் மூச்சின் ஈரம் துணியில் படிந்து சொட்டும். மேலே சிறு இடைவெளி விடுங்கள்.

* உள்ளே கரியடுப்பு, கேஸ் அடுப்பு எதுவும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

* படுக்குமுன் சூடாகச் சாப்பிடுங்கள். பிளாஸ்க்கில் சுக்குக் காபி இருக்கட்டும்.

குழந்தையோ பெரியவரோ விடாமல் நடுங்கினால் பிடிவாதம் வேண்டாம். செங்கோட்டை பக்கம்தான், அறை எடுத்துத் தங்கிவிடுங்கள்.