பொட்டலத்தின் பின்பக்கம் ஒரு எண்

முன்பக்கத்தில் ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். பொட்டலத்தைத் திருப்பி, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படிங்க. 951 என்றிருந்தால் அது அஸ்பார்டேம். 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ்.

மூத்தது சாக்கரின். 1879இல் அமெரிக்காவில், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருள்களை ஆராய்ந்தபோது தற்செயலாக அகப்பட்டது. சுக்ரலோஸ், சர்க்கரையில் குளோரினை ஏற்றிச் செய்வது. சர்க்கரையைவிட சுமார் 600 மடங்கு இனிக்கும். ஒரு கிராம் போட்டால் அரைக் கிலோ சர்க்கரைக்கு மேல் வேலை பார்த்துவிடும். கம்பெனிகள் ஏன் விரும்புகின்றன என்று சொல்லவா வேண்டும்!

கெடுதல் உண்டா? 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, அஸ்பார்டேமை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற வகையில் சேர்த்தது. சான்று குறைவாக உள்ளவற்றை வைக்கும் வகை அது. நம்ம சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும் அதில்தான் இருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை என்ற பழைய அளவையும் நிபுணர் குழு மாற்றவில்லை. ஆகவே ‘விஷம்’ என்று மேடையில் முழங்குவது சரியல்ல.

எனக்குப் பெரிதாகப் படுவது அதே ஆண்டு மே மாதம் வந்த வழிகாட்டுதல். உடம்பு குறைய இவற்றை நம்ப வேண்டாம் என்றது அது. நெடுநாள் எடுத்தவர்களிடம் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் இதய நோயும் கூடுதலாகத் தெரிந்தன. நோய்க்கு இதுதான் காரணம் என்று உறுதியாகவில்லை. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். சீனித்துளசிச் சாறும் அந்தப் பட்டியலில் உண்டு. சாகுபடி செய்ய நினைப்பவர்கள் கவனிக்க.

சிறுதானிய பிஸ்கட் செய்து விற்கும் குழுக்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ‘சுகர் ஃப்ரீ’ என்றால் விற்கும் என்று சுக்ரலோஸ் தூளை நீட்டுவார்கள். 120 டிகிரிக்கு மேல் சூடேறினால் கேடான குளோரின் சேர்மங்கள் உருவாகலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019இல் எச்சரித்தது. பிஸ்கட் அடுப்பின் சூடு அதைத் தாண்டும்.

அதற்குப் பதில் கருப்பட்டி போட்டு, ‘சர்க்கரை நோயாளிக்கு ஏற்றது’ என்று அச்சடிப்பதும் தப்புதான். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். என்ன இனிப்பு, எத்தனை கிராம் என்று எழுதி விற்கலாம். ஓமமும் உப்பும் போட்ட கம்பு பிஸ்கட்டுக்கு இனிப்பே தேவையில்லை.