கயிறும் வாளியும்



கிணற்றடியில் கிடக்கும் வாளியைப் போல் கேட்பாரற்ற பொருள் வீட்டில் வேறொன்றில்லை. குடத்தைப் புளியிட்டு விளக்குவர். செம்பைத் துலக்கிக் கவிழ்த்து வைப்பர். வாளியோ வெயிலிலும் மழையிலும் கிடந்து துருவேறும். ஒருநாள் அது கயிறறுந்து உள்ளே விழுந்த பிறகுதான், குடமும் செம்பும் அதன் தயவால் நிறைந்து வந்தன என்பது வீட்டாருக்கு விளங்கும். இத்தகைய எளிய பொருளை நம் அறநூல்கள் புறக்கணித்தனவல்ல. சம்யுத்த நிகாயத்தில் கோசம்பி சூத்திரம் என்றொரு சிறிய சூத்திரம் உளது. அதன் உயிர்நிலை ஒரு கயிறும் ஒரு வாளியுமே. இம்மாதப் பாடமாக அதனை எடுத்துக்கொள்கிறோம்.

கோசம்பி நகரத்துக் கோசிதாராமத்தில் முசீலர், சவிட்டர், நாரதர், ஆனந்தர் என்னும் தேரர் நால்வர் தங்கியிருந்தனர். (நாரதர் என்ற பெயரைக் கண்டு புராணத்து நாரதர் என மயங்கவேண்டா, இவர் சங்கத்தைச் சேர்ந்த பிக்கு.) சவிட்டர் முசீலரை நோக்கி ஒரு வினா எழுப்பினார். நம்பிக்கையால் அன்று, விருப்பத்தால் அன்று, வழிவழியாகக் கேட்டு வந்ததனால் அன்று, தருக்கத்தால் அன்று, ஒரு கொள்கையை எண்ணியெண்ணி அது மனத்திற்கு ஒத்துப்போனதனாலும் அன்று. பிறப்பைச் சார்ந்தே மூப்பும் சாக்காடும் வருகின்றன என்பதை நீரே நேராக அறிவீரோ என்பது அவ்வினா. இவ்வாறே சார்பு ஒவ்வொன்றையும் வினவி, பவம் ஒழிதலே நிப்பானம் என்பது வரையில் சென்றார். யாவற்றிற்கும் அறிவேன் என்றே முசீலர் விடையிறுத்தார். அங்ஙனமாயின் தாங்கள் அரகந்தரே என்று சவிட்டர் கூற, முசீலர் வாய் திறந்தாரில்லை.

அப்பொழுது நாரதர், அவ்வினாக்களைத் தம்மிடத்தும் கேட்குமாறு வேண்டிக்கொண்டார். கேட்கப்பட்டதும் முசீலர் சொன்ன விடைகளையே தாமும் சொன்னார். தாங்களும் அரகந்தரே என்றார் சவிட்டர். நாரதரோ மறுத்தார். பவம் ஒழிதலே நிப்பானம் என்பதைத் தாம் நல்லறிவால் உள்ளவாறு கண்டதுண்டு, எனினும் தாம் அரகந்தர் அல்லர் என்று சொல்லி ஓர் உவமை காட்டினார். பாலைவழியில் ஒரு கிணறு இருக்கிறது. அங்கே கயிறும் இல்லை, வாளியும் இல்லை. வெயிலில் வெந்து, களைத்து, நாவறண்டு வரும் வழிப்போக்கன் ஒருவன் கிணற்றினுள் எட்டிப் பார்க்கிறான். நீர் உண்டு என்பதை அவன் அறிகிறான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்நீர் அவன் உடம்பில் படவில்லை. தம் நிலையும் அதுவே என்றார் நாரதர்.

இவ்வுவமையின் நேர்மையைக் கவனிக்கவேண்டும். கிணற்றில் நீர் இல்லை என்று அவர் சொல்லவில்லை. கண்டது கானல் என்றும் சொல்லவில்லை. கண்டது வேறு, பருகியது வேறு என்று பிரித்துக் காட்டினார், அவ்வளவே. நம்மைப் போன்ற தொடக்கநிலை மாணாக்கர் அல்லர் அவர். சார்பின் சங்கிலி முழுவதையும் நேரே கண்டவர். அவரே கயிறும் வாளியும் தமக்கு இல்லை என்றாரெனில், திரிசரணத்தை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடும் நம்மவர் தம் நிலையைத் தாமே அளந்துகொள்ளலாம்.

உலகிலுள்ள பௌத்தர் அனைவர்க்கும் இச்சூத்திரம் பொது. எனினும் நம் மக்கள் இதனைப் படிக்கும்போது, பிறர் நெஞ்சில் தைக்காத ஒன்று தைக்கும். பாலைவழிப் போக்கனுக்குக் கிணற்றடியில் கயிறும் வாளியும் இல்லை. நம் முன்னோர்க்கோ கிணற்றடியில் கப்பியும் இருந்தது, தாம்புக்கயிறும் இருந்தது, வாளியும் இருந்தது. அவை பிறர் கையில் இருந்தன. வெறுங்குடத்துடன் தொலைவில் நின்று, மனமிரங்கிச் சேந்தி ஊற்றுவார் வரும்வரை காத்திருந்தனர். ஊற்றுவோரும் தம் வாளி நம் குடத்தில் படாதவாறு உயரத் தூக்கி ஊற்றினர். குடிக்க வேண்டின் கைகளைக் குவித்து ஏந்தவேண்டும். பாதி நீர் முழங்கை வழியே மண்ணில் ஒழுகும்.

டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் பள்ளிச் சிறுவராயிருந்தபோது குழாயைத் தாமாகத் திறக்க இயலாது. பள்ளிப் பணியாள் வந்து திறந்துவிட்டால்தான் நீர், அவன் வாராத நாளில் தாகமே கதி. இதனை அவரே எழுதிவைத்துள்ளார். அச்சிறுவர் வளர்ந்து, 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் மகாத் நகரத்துச் சவுதார் குளத்தில் இறங்கித் தம் கையாலேயே நீரை அள்ளிப் பருகினார். ஆயிரக்கணக்கானோர் அவரைப் பின்பற்றினர். பொதுநீர்நிலைகள் யாவர்க்கும் உரியன என்று பம்பாய்ச் சட்டசபை 1923லேயே தீர்மானித்திருந்தது. மகாத் நகராட்சியும் 1924ல் அக்குளத்தைத் திறந்துவிட்டிருந்தது. நீரும் இருந்தது, தீர்மானமும் இருந்தது. சென்று மொண்ட கை ஒன்றுதான் அதுவரை இல்லை.

பிறகு நடந்ததையும் இங்கே சொல்லவேண்டும், ஏனெனில் அதிலும் குடம் வருகிறது. குளம் தீட்டுப்பட்டதென்று 108 மண்குடங்களில் நீரை முகந்தெடுத்தனர். சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்த குடங்களை மந்திர ஒலியுடன் நீரில் அமிழ்த்தினர். ஆடும் மாடும் குடித்த குளம் அது. அவற்றால் வாராத தீட்டு மனிதன் கையால் வந்துவிட்டதாம்! வழக்கு நெடுநாள் நடந்து, 1937ல் பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்பால் உரிமை நிலைபெற்றது. 1950ல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே யாவர்க்கும் உரியனவாக்கிற்று. அரசியல் சட்டத்தில் கிணற்றுக்கு ஓரிடம் வேண்டியிருந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கவேண்டும்.

வடபுல நகரங்களில் வாழும் நம் தமிழ் மக்கள் வாளியைப் பால்ட்டி என்று சொல்லப் பழகியிருப்பர். அச்சொல் இந்தி மொழிக்குப் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. கடல் கடந்து வந்த சொல்லை எந்த வைதிகரும் தீட்டென்று தள்ளவில்லை. அண்டை வீட்டான் கைபட்ட வாளியைத்தான் தள்ளினர்.

இனிப் பாடத்திற்கு வருவோம். 1898ல் பண்டிதர் அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியபோது நம்மவர் சிலர் கிணற்றை எட்டிப் பார்த்தனர். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் எட்டிப் பார்த்தனர். நீர் உண்டு என்று அறிந்தோம். இப்போது நம் வீடுகளின் நிலை யாது? சுவரில் பகவானின் திருவுருவப் படம். வாசலில் ஐவண்ணக் கொடி. வைசாகப் பௌர்ணமியில் வெள்ளாடை. உள்ளே, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாயத்து. பெண்ணுக்கு வரன் வந்தால் சோதிடக் கட்டம். சம்பள நாளில் சாராயக் கடை. கிணற்றின் கைப்பிடிச் சுவரைச் சுற்றிச்சுற்றி வந்து நீரின் ஆழத்தையும் தெளிவையும் புகழ்ந்துகொண்டிருக்கிறோம். தாகம் தீரவில்லை என்று தம்மத்தின்மேல் குறை சொல்வாரும் உளர். வாளியை இறக்காதவர் கிணற்றைக் குறை கூறுதல் முறையன்று.

கயிறு யாது, வாளி யாது என்று சூத்திரம் வகுத்துரைக்கவில்லை. நாம் கொள்ளும் பொருள் இது: அறுபடாது நீளும் கயிறு நாள்தோறும் செய்யும் தியானப் பயிற்சி, நீரைத் தாங்கும் வாளி சீலம். கயிறு எவ்வளவு நீளமாயினும் வாளி ஓட்டையாயின் மேலே வருவது ஈரம் மட்டுமே. ஓட்டை வாளியால் சேந்தியவர்க்கு அந்த வேதனை தெரியும். இழுக்கும்போது பளுவாகவே இருக்கும், கைக்கு வந்தால் காற்படி நீர் மிஞ்சும்.

ஓட்டைகளுள் பெரியது பொய். மச்சிம நிகாயத்து அம்பலட்டிகா ராகுலோவாத சூத்திரத்தில் பகவான் இதனை ஒரு பாத்திரத்தைக் கொண்டே காட்டினார். கால் கழுவிய பாத்திரத்தில் சிறிது நீரை மிச்சம் வைத்து, அறிந்தே பொய் சொல்லக் கூசாதவனிடத்தில் துறவின் தன்மை இவ்வளவே என்று இராகுலருக்குக் காட்டினார். பிறகு அதனையும் கொட்டினார், பாத்திரத்தைக் கவிழ்த்தார், நிமிர்த்தி அதன் வெறுமையைக் காட்டினார். விளையாட்டுக்கும் பொய் சொல்லலாகாது என்பது அங்கே பிறந்த பாடம். மாமன்னர் அசோகர் சங்கத்தாரும் இல்லறத்தாரும் இடைவிடாது கேட்கவேண்டும் என்று கல்லில் பொறித்த நூற்பகுதிகள் சில உள. பைராட்டில் கிடைத்த அக்கல்வெட்டில், பொய்யைக் குறித்து இராகுலருக்கு உரைத்த இவ்வறிவுரையும் இடம்பெற்றுள்ளது. நம் தமிழிலும் பொய்யனைக் ‘கயிறு திரிக்கிறான்’ என்பர். திரிப்பது கயிறுதான், அதில் வாளியைக் கட்டி இறக்கினால் என்னவாகும் என்பது வேறு.

மற்றுமோர் உவமை அங்குத்தர நிகாயத்தில் வருகிறது. சிலர் கவிழ்த்த குடம் போல்வர். மேலே எவ்வளவு ஊற்றினும் உள்ளே செல்லாது. சிலர் மடியில் எள்ளும் அரிசியும் இலந்தைப் பழமும் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பவர் போல்வர். கேட்கும்போது எல்லாம் விளங்கும், எழுந்தவுடன் சிதறிவிடும். சிலரே நிமிர்ந்த குடம். நம் ஞாயிற்றுக் கூட்டத்தில் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர் என்பது நம் கருத்து. கூட்டம் கலைந்து செருப்பைத் தேடும்போதே எள் சிதறத் தொடங்குகிறது. இதற்கு மருந்து, கேட்டதை அன்றிரவே வீட்டாரிடம் ஒருமுறை எடுத்துச் சொல்வது. இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்று பெரியோர் சொன்னது கல்விக்கும் பொருந்தும்.

நூற்பாலையில் வேலை செய்த நாளில் நாம் வேறொரு வகை வாளியையும் கண்டோம். புளோரூமின் சுவரில் சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கும். தீப்பற்றினால் கொட்டுவதற்கு மணலும் நீரும் நிரப்பி வைப்பர். அடிப்பாகம் உருண்டையாக இருக்கும், தரையில் நிற்காது; வேறு வேலைக்கு எவரும் எடுத்துச் செல்லாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. சோதனை அதிகாரி வரும் நாளில் வர்ணம் பூசுவர். மற்ற நாள்களில் அம்மணலில் வெற்றிலை எச்சிலும் பீடித் துண்டும் சேர்ந்து இறுகிக் கிடக்கும். பஞ்சு தீப்பிடித்தால் எண்ணுவதற்கு நேரம் இராது. விழா நாளில் மட்டும் உரக்க ஓதி மற்ற நாளில் சுவரில் மாட்டிவைத்த பஞ்சசீலத்தை நினைக்கும்போதெல்லாம் அவ்வாளிகளே நம் கண்முன் வருகின்றன. ஆசை, வெறுப்பு, மயக்கம் ஆகிய தீயால் கண்ணும் செவியும் எரிகின்றன என்று பகவான் கயாசீசத்தில் உரைத்தார் அன்றோ?

முயல்வோர்க்கும் கயிறு அறுவதுண்டு. ஆறு மாதம் குடியை விட்டவர் ஏழாம் மாதம் தவறிவிடுகிறார். உடனே நம்மவர், அவர் போய்விட்டார் என்று கைகழுவுகின்றனர். கிணற்றில் விழுந்த வாளியை எவரேனும் அப்படி விட்டுவிடுவதுண்டா? தெருவில் எந்த வீட்டில் பாதாளக்கரண்டி இருக்கிறது என்று விசாரித்து வாங்கிவந்து, துழாவித் துழாவி, கொக்கியில் சிக்கும்வரை பொறுமையாக நிற்கிறோம். ஒரு வாளிக்குக் காட்டும் பொறுமையை ஓர் உபாசகருக்குக் காட்டினால் என்ன? ஒவ்வொரு கிளையிலும் மூத்தோர் இருவரேனும் பாதாளக்கரண்டியாக இருக்கவேண்டும். வீடு தேடிச் சென்று, ஏசாமல், மீண்டும் அழைத்துவர வேண்டும்.

இறுதியாக ஒன்று. திவ்யாவதானத்திலுள்ள பிரகிருதி என்னும் மாதங்கப் பெண்ணின் வரலாற்றை நம்மில் பலர் அறிவர். பாபாசாகேப் அதனைத் தம் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் எடுத்தாண்டார். ஆனந்த தேரர் நீர் கேட்டபோது, தான் மாதங்கப் பெண் என்று அவள் தயங்கினாள். தாம் கேட்டது நீரையேயன்றிச் சாதியை அன்று என்றார் தேரர். அதுவரை அவள் மொண்ட நீரை மேற்குலத்தார் எவரும் கேட்டதில்லை. அவள் பிக்குணியானபோது நகரத்தார் வெகுண்டனர். அரசர் பிரசேனஜித்தும் கலங்கினார். பகவான் அவளை விலக்கவில்லை.

இவ்வரலாற்றைச் சொல்லிக் கண்ணீர் விடும் நம் வீடுகளிலேயே, மலக்குழியில் இறங்கும் தொழிலாளிக்குத் தனிக் குவளை வெளியில் வைத்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். நம்மிலும் இன்னார் உயர்ந்தவர், இன்னார் தாழ்ந்தவர் என்று உட்பிரிவு பார்த்துப் பெண் கொடுக்க மறுப்பதையும் கண்டிருக்கிறோம். நேற்று நமக்கு உயரத் தூக்கி ஊற்றினர். இன்று வாளி நம் கைக்கு வந்ததும் நாமும் அவ்வாறே தூக்குகிறோம். இதனினும் கொடிய ஓட்டை பஞ்சசீலத்தில் வேறு எது இருக்கமுடியும்?

வைசாகப் பௌர்ணமி கோடையில் வருகிறது. கிளைகள்தோறும் தண்ணீர்ப் பந்தல் வைப்பது நம் வழக்கம். இவ்வாண்டு பந்தல் வைப்போர்க்கு ஒரு வேண்டுகோள். ஒருவர் நின்று குவித்த கைகளில் ஊற்றும் முறையை விட்டுவிடுங்கள். பானைகளுக்கு அருகே குவளைகளையும் நீண்ட பிடியுள்ள அகப்பையையும் வையுங்கள். வருவோர் எவராயினும் தம் கையாலேயே மொண்டு குடிக்கட்டும். தெருக்கூட்டுவோர் வேலை முடித்துவரும் வேளையில் பந்தலில் இருப்போர் அவர்களோடு அமர்ந்து, அதே குவளையில் தாமும் குடிக்கட்டும்.