வழிகாட்டி நாய்க்குட்டி வீட்டுக்கு வருகிறதா?

பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்கள், பயிற்சிக்குப் போகுமுன் ஒரு வருடத்துக்கு மேல் சாதாரண வீடுகளில்தான் வளர்கின்றன. 1918இல் ரொறன்ரோவில் தொடங்கிய பார்வையற்றோர் அமைப்பான சிஎன்ஐபி (CNIB), 2017 முதல் குட்டிகளைத் தொண்டர்களிடம் ஒப்படைத்து வருகிறது. சாப்பாட்டுச் செலவும் மிருக வைத்தியச் செலவும் அந்த அமைப்பினுடையவை. நேரமும் பொறுமையும் உங்களுடையவை.

1. எட்டு வாரக் குட்டியை நாள் முழுக்கத் தனியே விட முடியாது. எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போகும் வீடென்றால், பகலில் யார் பார்ப்பது என்று முதலில் பேசி முடியுங்கள்.

2. பெரிய சவால் குசினிதான். "வாயில்லாச் சீவன், ஒரு வாய் குடுத்தால் என்ன?" என்று அம்மம்மா புட்டை உருட்டி நீட்டுவார். சம்பலில் உள்ள வெங்காயமும் கறியில் உள்ள உள்ளியும் நாய்க்கு நஞ்சு. பாயாசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தையே பழுதாக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது: மேசையில் ருசி கண்ட நாய், நாளைக்கு உணவகத்தில் தன் எசமானை விட்டுவிட்டுப் பக்கத்துத் தட்டைப் பார்க்கும். அம்மம்மாவுக்கும் ஆசை தீர வேண்டுமே! நாயின் உணவிலேயே ஒரு பிடியைத் தனியே எடுத்து, அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

3. பந்து எறிந்து விளையாட்டுக் காட்டாதீர்கள். வீதியில் உருளும் பந்தின் பின்னால் அது ஓடினால் ஆபத்து எசமானுக்கு.

4. ஒன்றுக்கு, இரண்டுக்குப் போக வார் பூட்டியே வெளியே கூட்டிப்போய், பயிற்சியாளர் சொல்லித்தந்த அதே சொல்லை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். சொன்னதும் போகப் பழகினால்தான் பார்வையற்றவர் இடமறிந்து அள்ள முடியும். அள்ளியதை ரொறன்ரோ நகரசபையின் பச்சைத் தொட்டியில் பையோடு போடலாம்.

5. பனிக்காலத்தில் நடைபாதை உப்பு பாதங்களை எரிக்கும். வாசலிலேயே இளஞ்சூட்டுத் தண்ணீரும் பழைய துவாயும் வையுங்கள். விரலிடுக்கைத் துடைக்க மறக்க வேண்டாம். உப்புக்கல் சிக்குவது அங்கேதான். நாய்ச் சப்பாத்தை முதல் பனிக்கு முன்பே வீட்டுக்குள் போட்டுப் பழக்குங்கள். முதல் நாள் கோமாளி மாதிரித்தான் நடக்கும், சிரித்துவிட்டு விடுங்கள்.

6. குட்டியை வெளி இரைச்சலுக்குப் பழக்க, ஸ்காபரோவின் அமைதியான பஸ் தரிப்பில் தொடங்கி, பிறகு ஸ்ட்ரீட்கார் மணியோசைக்குப் போகலாம். சப்வேயில் நகரும் படிகள் வேண்டாம், நகம் சிக்கும், லிஃப்டில் போங்கள். வழிகாட்டி நாய்க்குள்ள சட்ட உரிமை குட்டிக்கும் அப்படியே உண்டென்று நினைத்துவிடாதீர்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள்.

7. வேலை உடுப்புப் போட்டிருக்கும்போது யாரும் தடவக் கூடாது. சொந்தக்காரரிடம்தான் இதைச் சொல்லக் கஷ்டம். சொல்லத்தான் வேண்டும்.

8. திருப்பிக் கொடுக்க வேண்டிய குட்டி என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். எல்லாக் குட்டியும் தேறாது. சில, பார்வைக் குறைபாடுள்ள சிறுவர்களுக்குத் துணை நாயாகின்றன. அடுத்த குட்டிக்குச் சம்மதமா என்று கேட்டால் அன்றைக்கே பதில் சொல்லாதீர்கள். வீடு அழுது முடியட்டும்.