பூச்சிகளின் பருவத்துயிலும் ஓமோன்களும்

வாடையொடு வந்த மாரி ஓய்ந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் ஓர்ஸ் ஹில்லின் தோற்றம் மாறிவிடுகின்றது. பச்சைப் பாய் விரித்தாற்போற் கிடந்த புற்றரை வைக்கோல் நிறம் பெறுகின்றது. மாலையில் விளக்கேற்றியவுடன் வந்து மொய்த்த பூச்சிகளுட் பல காணாமற் போகின்றன. பின்னர் ஐப்பசியில் முதன்மழை மண்ணை நனைத்ததும், சொல்லிவைத்தாற்போல் அவை மீண்டும் தோன்றுகின்றன. மழையோடு வானிலிருந்து விழுந்தன என்று சிறுவர் சொல்வதுண்டு. இடைப்பட்ட மாதங்களில் அவை எங்கிருந்தன? எவ்வாறு உயிர் தாங்கின? இவ்வினாக்களுக்கு உயிரியல் கண்ட விடையை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பூச்சிகளின் துயில் இருவகைப்படும். நீரோ வெப்பமோ இல்லாமையால் இயக்கம் ஒடுங்கி, அது கிடைத்தவுடன் விழிப்பது ஒருவகை. இதனை ஒடுக்கம் எனலாம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பின் முட்டை இதற்குத் தக்க சான்றாகும். நீர் வற்றிய பூச்சாடியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் அம்முட்டை பல மாதங்கள் உயிரோடிருக்க வல்லது. நீர் ஏறியதும் குடம்பி வெளிவரும். மற்றையது, இடர்க்காலம் வருமுன்னரே உடலினுள் எழும் கட்டளையால் வளர்ச்சி நிற்பது. இதனை விஞ்ஞானிகள் டயபோஸ் என்பர். நாம் பருவத்துயில் என்போம். பருவத்துயிலில் ஆழ்ந்த பூச்சிக்கு நல்ல உணவும் இதமான வெப்பமும் அளித்தாலும் அது உடனே விழிப்பதில்லை. அக்கட்டளையை இடுவன ஓமோன்களே.

பூச்சியின் மூளை ஓமோன் சுரக்கும் என்பதை முதலிற் காட்டியவர் போலந்து நாட்டு ஸ்தெபான் கோபெச் ஆவார். 1917ஆம் ஆண்டிலும் 1922ஆம் ஆண்டிலும் அவர் வெளியிட்ட ஆய்வுகளில், உரிய காலத்துக்கு முன் மூளை அகற்றப்பட்ட மயிர்க்கொட்டி கூட்டுப்புழுவாக மாறவில்லை என்பது புலனாயிற்று. மூளை நரம்புகளின் தலைமையகம் மட்டுமன்று, சுரப்பியுமாகும் என்பது அக்காலத்திற் புதுமையான கருத்து. பின்னர் 1940ஆம் ஆண்டில் யப்பானியராகிய புகுடா, பட்டுப்புழுவின் முன்மார்பிலுள்ள சுரப்பிகளே தோல் கழற்றலையும் உருமாற்றத்தையும் தூண்டுவன எனக் காட்டினார்.

இவ்விரண்டையும் இணைத்தவர் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்துக் கரொல் வில்லியம்ஸ். சிக்ரோப்பியா என்னும் பெரிய பட்டு விட்டிலின் கூட்டுப்புழு குளிர்காலம் முழுவதும் துயிலும். பல வாரங்கள் குளிரில் இருந்தாலன்றி எளிதில் விழிக்காது. 1940களின் பிற்பகுதியிலிருந்து வில்லியம்ஸ் நிகழ்த்திய பரிசோதனைகளில், குளிரூட்டப்பட்ட கூட்டுப்புழுவின் மூளையை எடுத்துக் குளிரூட்டப்படாத வேறொன்றினுள் வைத்தபோது, துயின்றிருந்த அது வளரலாயிற்று. தனியே பிரிக்கப்பட்ட வயிற்றுப் பகுதியினுள் மூளையை மட்டும் வைத்தபோது பயன் விளையவில்லை; மூளையோடு முன்மார்புச் சுரப்பியையும் வைத்தபோதே வளர்ச்சி தொடங்கிற்று. ஆதலின் மூளை சுரப்பியை ஏவுகின்றது. சுரப்பி உடலை ஏவுகின்றது என்பது தெளிவாயிற்று. அச்சுரப்பியின் ஓமோனாகிய எக்டைசோனை 1954ஆம் ஆண்டில் ஜெர்மனியரான பூட்டனாந்தும் கார்ல்சனும் பிரித்தெடுத்தனர். 500 கிலோகிராம் பட்டுக்கூட்டுப்புழுக்களிலிருந்து அவர்கள் பெற்றது 25 மில்லிகிராம் மட்டுமே! அத்துணைச் சிறிய அளவே இத்துணைப் பெரிய மாற்றத்தை இயற்றுகின்றது.

கூட்டுப்புழுவின் துயிலுக்கு எக்டைசோன் சுரவாமை காரணம். நிறைவுடலியின் துயிலோ வேறு. மூளையின் பின்னே அமைந்த சிறு சுரப்பிகள் இளமை ஓமோனைச் சுரக்கின்றன. குடம்பியை முதிரவிடாது காக்கும் இவ்வோமோனே, நிறைவுடலியில் முட்டை முதிர்வதற்குத் துணைபுரிகின்றது. உருளைக்கிழங்கை அழிக்கும் கொலராடோ வண்டில் இது குறைந்தவுடன் வண்டு இனப்பெருக்கத்தை நிறுத்தி மண்ணுட் புகுந்து துயில்கின்றது.

இவையிரண்டும் ஓமோன் இன்மையால் வரும் துயில். ஓமோன் உண்மையால் வரும் துயிலும் உண்டு. பட்டுப்பூச்சியின் உணவுக்குழாயின் கீழமைந்த நரம்புத்திரட்டிலிருந்து சுரக்கும் ஓமோன், தாயின் சூலகத்தை அடைந்து, அவள் இடும் முட்டைகளைத் துயிலச் செய்கின்றது. இதனை 1951ஆம் ஆண்டில் ஹசெகாவாவும் புகுடாவும் தனித்தனியே அறிவித்தனர். தாய் முட்டைப்பருவத்தில் 25 பாகை வெப்பத்திலும் நீண்ட ஒளியிலும் இருந்திருப்பின் அவள் இடும் முட்டைகள் துயிலும். 15 பாகையில் இருளில் இருந்திருப்பின் துயிலா. தான் முட்டையாயிருந்த காலத்துப் பருவநிலையைத் தாய் தன் மக்களுக்குச் செய்தியாக விட்டுச்செல்கின்றாள் என்க.

இனி, பருவம் மாறப்போவதைப் பூச்சி எவ்வாறு முன்னறிகின்றது? குளிர்நாடுகளில் பகற்பொழுதின் நீளமே நம்பத்தகுந்த நாட்காட்டி. இலண்டனிற் கோடைப்பகல் பதினாறரை மணித்தியாலமாகவும் குளிர்காலப் பகல் எட்டு மணித்தியாலத்துக்குக் குறைவாகவும் இருக்கும். எட்டரைப் பாகை வட அகலக்கோட்டிலுள்ள திருகோணமலையிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறக்குறைய ஒரு மணித்தியாலமே. ஈடிஸ் இனத்துள் ஒன்றான ஆசியப் புலி நுளம்பு இதனை நன்கு விளக்குகின்றது. குளிர்நாட்டில் வாழும் அவ்வினம் பகல் குறுகும்போது பருவத்துயில் கொள்ளும் முட்டைகளை இடும். வெப்பநாட்டில் வாழும் அதே இனம் அவ்வாறு செய்வதில்லை.

ஆயினும் வெப்பநாட்டுப் பூச்சிகளுக்குப் பருவத்துயில் இல்லை என்று கருதலாகாது. அவற்றுட் பலவற்றுக்கு வெப்பம், ஈரம், உணவின் தன்மை ஆகியனவும் குறிப்புகளாகும். அந்தியில் உலவும் மெலனிட்டிஸ் லீடா என்னும் பழுப்பு வண்ணத்துப்பூச்சி இலங்கையிலும் உண்டு. மழைக்காலத்தில் அதன் இறக்கையின் அடிப்புறத்திற் கண்போன்ற புள்ளிகள் தெளிவாயிருக்கும். வறட்சிக்காலத்தில் அவை மங்கி, இறக்கை காய்ந்த சருகையே ஒத்துவிடும். வட அவுஸ்திரேலியாவில் இவ்வினத்தை ஆராய்ந்தோர், வறட்சிக்காலப் பெண்பூச்சிகள் முட்டையிடுதலை ஒத்திவைப்பதைக் கண்டனர்.

இவ்வறிவினால் உழவனுக்கு யாது பயன் எனின், தமிழகத்துச் செம்மயிர்க் கம்பளிப்புழுவை நோக்குக. நாம் கச்சான் என்றும் தமிழகத்தார் நிலக்கடலை என்றும் வழங்கும் பயிரை மானாவாரி நிலங்களில் அழிப்பது அதுவே. நன்கு வளர்ந்த புழு வரம்போரத்திலும் மரநிழலிலும் மண்ணுட் புகுந்து கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய பத்து மாதங்கள் துயில்கின்றது. அடுத்த ஆண்டின் பெருமழைக்குப் பின் விட்டில்கள் கூட்டமாக வெளிப்பட்டு, நூற்றுக்கணக்கில் முட்டையிடுகின்றன. பயிர் முளைக்கும் வேளையும் அதுவே. ஆனால் பகைவனின் வரவு அறியப்பட்டமையால் காப்பும் எளிதாகின்றது. கோடையில் ஆழ உழுதால் துயிலும் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். மழைக்குப் பிந்திய இரவுகளில் விளக்குப்பொறியும் தீயும் விட்டில்களைக் கவர்ந்து அழிக்கும். எனினும் ஒருவர் வயலில் மட்டும் இதனைச் செய்தால் அயல்வயலின் விட்டில் வந்து சேரும். ஊர் முழுதும் ஒரே காலத்தில் முனைந்தாலன்றிப் பயனில்லை. மழை காலந்தவறிப் பெய்யும் இந்நாளில் அவ்வேளையைக் கணித்தல் முன்னிலும் கடினமாகின்றது. ஆதலின் உற்றுநோக்கலின் தேவையும் முன்னிலும் பெரிதாகின்றது.

நம் வீட்டு முற்றத்துக்கும் இப்பாடம் உரியது. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,80,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் நம் மாவட்டத்துக் கிண்ணியா பட்ட துன்பத்தை நாம் மறத்தற்கில்லை. கச்சான் காலத்தில் வற்றிக் கிடக்கும் பூச்சாடியையும் தொட்டியையும் கண்டு நுளம்பு ஒழிந்தது என்று எண்ணுதல் பிழை. நீரைக் கொட்டினாற் போதாது. உட்சுவரைத் தேய்த்துக் கழுவினாலன்றி முட்டை நீங்காது. மாரி தொடங்குமுன் இதனைச் செய்தல் வேண்டும்.

மாணவர் இவ்வாய்வை இன்றே தொடங்கலாம். ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். முதன்மழையின் நாளையும், அதன்பின் விளக்கைத் தேடி வந்த பூச்சிகளையும் ஆண்டுதோறும் எழுதிவருக. கல்லூரியில் ஒரு வகுப்பார் தொடங்கியதை அடுத்த வகுப்பார் தொடர்வாராயின், பத்தாண்டுகளில் நம் ஊருக்கெனப் பூச்சிகளின் பருவ நாட்காட்டியொன்று உருவாகும். உழவருக்கும் சுகாதாரப் பகுதியினருக்கும் அது உதவும்.