பழைய வண்டியும் புதிய இரப்பர்ப் பட்டையும்

இரப்பர் என்றவுடன் எழுத்தை அழிக்கும் அழிப்பானும் மிதிவண்டியின் சக்கரமும் நம் நினைவுக்கு வரும். வண்டியின் சன்னல் கண்ணாடியைச் சுற்றியுள்ள கறுப்புப் பட்டையை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அப்பட்டை கெட்டால் என்ன நேரும், அதனை எவ்வாறு மாற்றுவர் என்பதை இங்குக் காண்போம்.

அமெரிக்காவின் செவர்லே 3100 என்னும் பிக்கப் வண்டியை எடுத்துக்கொள்வோம். இதன் புகழ்பெற்ற வடிவம் 1947ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1953 வரை இதன் முன்கண்ணாடி இரு துண்டுகளாக இருந்தது. 1954இல் ஒரே கண்ணாடியாயிற்று. முன்கண்ணாடியையும் பின்கண்ணாடியையும் இரப்பர்ப் பட்டைகளே பிடித்து நிறுத்தின. பட்டையில் இரு பள்ளங்கள் உண்டு. ஒன்றில் கண்ணாடியும் மற்றொன்றில் வண்டித் தகட்டின் விளிம்பும் பொருந்தும்.

பிரேசில் நாட்டுப் பால்மரம் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தது; பின்னர் மலாயாவெங்கும் பரவியது. நம் பாட்டன்மார் பலர் அம்மரத்தில் பால் வெட்டி வாழ்ந்தவர்கள். மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் இரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதனுடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் உறுதிபெறும் என்பதை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். ஆயினும் அதற்கும் முதுமை உண்டு. வெயிலும் வெப்பமும் காற்றிலுள்ள பிராணவாயுவும் ஓசோனும் நாளடைவில் அதனைத் தாக்குகின்றன. பட்டை இறுகுகிறது, சுருங்குகிறது, வெடிக்கிறது.

வெடிப்பின் வழியே மழைநீர் உட்புகும். தகட்டு விளிம்பில் நீர் தங்கினால் துரு பிடிக்கும். கீழே வடியும் நீர் தரைத்தகட்டையும் அரிக்கும். பட்டையைப் புறக்கணித்தால் வண்டியின் கூடே பாழாகும்.

இனி, பின்கண்ணாடியின் பட்டையை மாற்றும் முறையைக் காண்போம். இது பெரியவர்கள் கையுறையும் கண்காப்பும் அணிந்து செய்ய வேண்டிய வேலை; நாம் அருகிலிருந்து கற்கலாம்.

முதலில், வெளியிலிருந்து மெல்ல நீர் ஊற்றி, எங்கே ஒழுகுகிறது என்று உள்ளிருந்து பார்க்க வேண்டும். பின்னர், இறுகிய பழைய பட்டையின் உதட்டைக் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும். அறுக்காமல் கண்ணாடியைத் தள்ளினால் அது உடைந்துவிடும். ஒருவர் உள்ளிருந்து மெதுவாகத் தள்ள, மற்றவர் வெளியே ஏந்திக்கொள்வார்.

அடுத்து விளிம்பிலுள்ள பழைய பசையையும் துருவையும் சுரண்டி, துருத்தடுப்புச் சாயம் பூசி நன்கு உலரவிட வேண்டும். துருவின்மேல் புதிய பட்டையைப் பொருத்தினால், அது உள்ளே மறைந்து வளருமேயன்றி ஒழியாது.

பிறகு புதிய பட்டையைக் கண்ணாடியைச் சுற்றி மாட்ட வேண்டும். அதனை இழுத்து நீட்டுதல் கூடாது. நீட்டிய இரப்பர் மீண்டும் சுருங்கி இணைப்பில் இடைவெளி விடும். ஓசோனால் விரைவில் வெடிக்கவும் செய்யும். வெளிப்பள்ளத்தில் உறுதியான கயிற்றைச் சுற்றிச் செருகி, அதன் இரு முனைகளும் கீழே நடுவில் ஒன்றையொன்று தாண்டி வண்டிக்குள் தொங்குமாறு விட வேண்டும். சவர்க்கார நீரைத் தடவி, கண்ணாடியை வெளியிலிருந்து விளிம்பில் பொருத்த வேண்டும். ஒருவர் வெளியே உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் உள்ளே கயிற்றைச் சிறிது சிறிதாக இழுப்பார். கயிறு வெளிவரும் இடத்திலெல்லாம் பட்டையின் உதடு விளிம்பைத் தாண்டி உட்புறம் அமர்ந்துகொள்ளும். சவர்க்கார நீருக்குப் பதிலாகக் கிரீசையோ மண்ணெண்ணெயையோ தடவுதல் தவறு. அவை இயற்கை இரப்பரை ஊதச் செய்து கெடுக்கும். இறுதியில் மீண்டும் நீர் ஊற்றிச் சோதிக்க வேண்டும்.

இவ்வேலையில் வலிமையைவிடப் பொறுமையே பெரிது. இருவர் கைகளும் ஒன்றுபட்டால்தான் கண்ணாடி உடையாமல் அமரும். விரலளவு பட்டை ஒன்று வண்டி முழுவதையும் காப்பதை அறிந்தோம். வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவுடைமை. நம் வீட்டுக் குழாயின் வளையமாயினும் வகுப்பறைச் சன்னலின் கொக்கியாயினும், சிறு பழுதைக் கண்டவுடன் பெரியவர்களிடம் கூறிச் சீர்செய்வோமாக!