விரல் நுனியின் அறிவு

மதுரைப் பூக்கடைகளில் மல்லிகை தொடுப்போர் தம் கையை நோக்குவது அரிது. வருவாரோடு விலை பேசிக்கொண்டே அரும்பை அடுக்கி நாரில் முடிச்சிடுவர். சுங்கடிச் சேலைக்குப் புள்ளி கட்டும் மகளிர் விரல்களும் அத்தகையனவே. இவ்வேலைக்கு ஆதாரமான நரம்புகள் யாவை, அவை கெடின் நேர்வது யாது என்பதே இக்கட்டுரைப் பொருள்.

ஒவ்வொரு விரலின் உட்புறத்தும், இரு மருங்கிலும், உணர்ச்சி நரம்பு ஒவ்வொன்று நுனிவரை ஓடுகிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலிற் பாதி ஆகியவற்றின் உட்புறம் மீடியன் நரம்புக்கு உரியது. எஞ்சிய பாதியும் சிறுவிரலும் அல்நார் நரம்புக்கு உரியன. உடன்பிறந்தார் பாகம் பிரித்த புஞ்சையைப் போல ஒரு மோதிரவிரலுக்குள்ளேயே வரப்பு ஓடுகிறது!

முதுகில் ஏறக்குறைய 4 செ.மீ. இடைவெளி இருந்தாலன்றி, தொடும் முனைகள் இரண்டென அறியோம். விரல் நுனியோ 2 அல்லது 3 மி.மீ. இடைவெளியையும் பிரித்தறியும். பார்வையற்றோர் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தின் புள்ளிகள் ஏறத்தாழ 2.5 மி.மீ. இடைவிட்டு நிற்பது இதனாற் பொருந்துவதாயிற்று. உயிர்களை அறிவு வகையாற் பகுத்த தொல்காப்பியரும் மரபியலில் தொட்டறியும் அறிவையே முதற்கண் வைத்தார்.

நிற்க. இந்நரம்புகள் கெடுவதன் விளைவைத் தமிழ்நாட்டில் ஆராய்ந்து உலகிற்கு உணர்த்தியவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் இளமையைக் கழித்து, 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் அவர். தொழுநோய் விரலைத் தானே அரித்துத் தின்னும் என்பது அக்காலத்தார் கொள்கை. ஒருநாள் துருவேறிய பூட்டொன்றை அவரால் திறக்க இயலாதபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் எளிதில் திறந்துவிட்டான். அவன் விரலிலிருந்து குருதி சொட்டியது; சதை எலும்புவரை அறுந்திருந்தது; அவனோ அதனை அறிந்திலன். இரவில் விரல் குறைவது ஏனென்று காவலிருந்து பார்த்தபோது, உறங்குவோர் விரலை எலி கடிப்பது புலனாயிற்று. பின்னர் நோயாளிகளுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. விரலை அழித்தது நோயன்று, நோவின்மையே என்று அவர் தெளிந்தார். நோவைப் பகையென்றே எண்ணிப் பழகிய நமக்கு இது புதுமையன்றோ!

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த இடங்களை நாடும். முழங்கையின் உட்புறத்தே, எலும்புப் புடைப்பின் பின்னால், தோலை ஒட்டிச் செல்வது அல்நார் நரம்பு. அவ்விடம் தூணில் இடித்துக்கொண்டால் சிறுவிரல்வரை சுரீரென்று பாயுமே, அந்நரம்புதான். இந்நோயில் அது தடித்து வீங்குகிறது.

எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டும்; நரம்பைக் காட்டாது. செவிக்கெட்டா ஒலியலைகளைச் செலுத்தி, எதிரொலியாற் படம் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியோ நரம்பைக் காட்டவல்லது. குறுக்குவாட்டில் நலமுள்ள நரம்பு தேன்கூட்டின் கண்ணறைகள்போல் தோன்றும். நோயுற்றதில் அவ்வமைப்பு மங்கி, நரம்பு பருத்திருக்கும். மிக உயர்ந்த அதிர்வெண்ணில் விரலின் சிறு நரம்புகளும் புலப்படும்.

மதுரைக்குத் தென்கிழக்கே, மானாமதுரையை அடுத்த தயாபுரத்திலும் இந்நோய்க்கென மருத்துவமனை உண்டு. 1980-களில் வந்த கூட்டு மருந்து முறையால் கிருமி மடியும். ஆயினும் நரம்பின் வீக்கம் அதனோடு நின்றுவிடுவதில்லை. உணர்ச்சி இழந்து ஆறு திங்கள் கடவாத நரம்பை ஸ்டிராய்டு மருந்தால் மீட்கக் கூடும். அதன்பின் வாய்ப்பு அருகும். ஆதலின் சிறுவிரல் மரத்திருக்கிறது என்று ஒருவர் சொல்லின், மருத்துவர் விரலோடு நில்லாது முழங்கையையும் தடவிப் பார்க்கிறார்.