ஊறும் உடலுணர்வும்

பன்னிரு சார்புகளை ஓதுங்கால் வாயிலுக்கும் நுகர்வுக்கும் இடையில் ஊற்றை வைத்து ஓதுகிறோம். பொறியும் பொருளும் உணர்வும் கூடுவதே ஊறு. அவற்றுள் தோலின்கண் நிகழும் ஊற்றை, மனச்சிதைவு நோயோடு சேர்த்து இப்பாடத்தில் ஆராய்வோம்.

உங்கள் உள்ளங்காலை நீங்களே வருடிப் பாருங்கள். கூச்சம் எழுவது அரிது. பிறர் வருடினால் எழும். காரணம் யாது? நம் கை அசையும்போதே, விளையப்போகும் உணர்ச்சியை மூளை முன்கணித்து அடக்கிவிடுகிறது. பிறர் கைக்கு அம்முன்கணிப்பு இல்லை. இலண்டனில் சாரா ஜேன் பிளேக்மோர் முதலியோர் 1998இல் மூளைப் படங்களால் இதனைக் காட்டினர். 2000இல் வெளிவந்த அவர்தம் ஆய்வில், ஆளில்லாக் குரல் கேட்போருக்கும், தம் செயலைப் பிறர் இயக்குவதாக உணர்வோருக்கும், தம் தொடுகையும் பிறர் தொடுகையும் ஒன்றுபோலவே தோன்றின. ஆகவே, ‘என் கையை வேறொருவர் ஆட்டுகிறார்’ என்று நோயாளி கூறுவது பொய்யுமன்று, பேயுமன்று. ‘இது என்னுடையது’ என்று குறியிடும் மூளைத் தொழிலின் தளர்ச்சி என்பர் ஆய்வாளர்.

மற்றொன்று. மயிருள்ள தோலில் மெல்லிய நரம்பிழைகள் சில உள. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால் அவை நன்கு விழிப்புறும். அச்செய்தி, உடலின் உள்நிலையை உணரும் மூளைப் பகுதியை அடையும். தாய் குழந்தையைத் தடவும் வேகமும் அதுவே.

எலப்புள்ளி போன்ற எல்லையூர்களில் வாழும் நாம், தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழியிலும் இந்நோய்க்குப் பேயின் பெயரையே கேட்டிருக்கிறோம். அவ்வெண்ணத்தின் விளைவு யாது? 6-8-2001 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்ட மனநோயாளிகள் ஓடவியலாது தீயிற் சிக்கினர். 28 பேர் மாண்டனர். அவர்தம் உடல் நாடோறும் கண்ட ஊறு இரும்பின் ஊறே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றும் தடுக்கிறது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் முதலியோர் 1984இல் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், மருந்தோடு தொழிற்பயிற்சியும் குடும்பத்துக்கு அறிவுரையும் அளித்து வருகிறது.

நாம் கடைப்பிடிக்க வேண்டுவன மூன்று. நோயாளியை மனநல மருத்துவரிடம் சேர்த்தல்; மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாமை. தொடுமுன் பெயர் சொல்லி அழைத்து, இசைவு கேட்டல். உடலின் எல்லை தளர்ந்தவருக்குத் திடீர்த் தொடுகை அச்சமாகலாம். இசைந்தால் கைபற்றி அழைத்து, உடன் அமர்த்தி உண்பித்தல். தொடுகை மருந்தாகாது, ஆயின் தனிமையைக் குறைக்கும்.

தீண்டாமையின் வலியை நம் குலம் உடலால் அறிந்தது. அதனை அறிந்தவர் வீட்டில், பித்தர் எனப்பட்ட ஒருவர் தீண்டுவாரின்றித் திண்ணையில் கிடத்தல் தகுமோ?